மூன்றாம் அத்தியாயத்துச் செருப்பு

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்கள், உங்கள் முதுகுவலி, உங்கள் பதிப்பாளர் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

ஜனவரியில் இங்கே வந்த அன்றே போனை வார்டன் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் பின்னால் நிற்பவள் முழங்கையால் இடிக்கிறாள். அதனால் உங்களுக்குக் கடிதம். படி பெருக்கும் அக்கா வெளியே போகும்போது தபாலில் போட்டுவிடுவாள்.

என்னைப் பேக்கிங்கிலிருந்து எடுத்து சொல்யூஷன் செக்‌ஷனில் போட்டிருக்கிறார்கள். ஷூவின் அடியையும் மேல்பாகத்தையும் ஒட்டுகிற பசைக்கு இங்கே அதுதான் பெயர். பிரஷ்ஷால் தடவி, கொஞ்சம் காயவிட்டு, அழுத்தி ஒட்ட வேண்டும். தூசி படிந்தால் ஒட்டாதாம், அதனால் ஜன்னல் திறக்க விடுவதில்லை. விடுதியில் எனக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. அறைக்கு இருப்பதே ஒரு ஜன்னல். அதை ஒட்டிய கட்டில் என்னுடையது. எல்லோருக்கும் பொறாமை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ‘விடுதியில் ஒரு விசும்பல்’ வந்தது. எங்க மாமா எழுதினது என்று பீற்றிக்கொண்டு அறை முழுக்கச் சுற்றுக்கு விட்டேன். இப்போது தலை காட்ட முடியவில்லை.

மாமா, ஏமாற்றிவிட்டீர்கள். மலை மேல் ஒரு விடுதி. பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக விழுகிறார்கள். ஒருத்திக்குக் கை நடுங்குகிறது, ஒருத்திக்குப் பேச்சு நின்றுபோகிறது. பாதிப் புத்தகம் வரை நான் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் பைக்கில் ஓர் இளம் டாக்டர் விசிலடித்துக்கொண்டு வருகிறார். கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து, “உங்களுக்கு நோயே இல்லை. ஒருத்தி காதல் தோல்வியில் விழுந்தாள். மற்றவர்கள் அவளைப் பார்த்து விழுந்தீர்கள். எல்லாம் மனசு” என்கிறார். உடனே எல்லோரும் எழுந்து நடக்கிறார்கள். அதில் அழகான ஒருத்தி அவரையே கல்யாணம் பண்ணிக்கொள்கிறாள். என்ன மாமா இது? இத்தனை அத்தியாயம் பெண்கள் விழுகிறார்கள், ஒரு ஆளாவது அவர்களைப் பார்த்து, நீ என்ன குடித்தாய், எங்கே படுத்தாய், என்ன வேலை செய்தாய் என்று கேட்டாரா?

மூன்றாம் அத்தியாயத்தில் மாடிப்படியில் ஓர் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. அது யாருடையது என்று கடைசிப் பக்கம் வரை காத்திருந்தோம். நீங்கள் அதை மறந்தே போய்விட்டீர்கள். என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று எங்கள் படியில் கிடந்ததைப் பார்த்து, “செருப்பு மட்டும் வேலைக்கு வந்திருக்கு, ஆளைக் காணோம்” என்று சிரித்தீர்களே, அதுதானே?

இங்கேயும் பெண்களுக்குத் தலை சுற்றுகிறது. மயக்கம் என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. சூப்பர்வைசர், “யார் மேலம்மா மயக்கம்?” என்று பல்லைக் காட்டுவார். அதனால் எங்களுக்குள் ‘ஊஞ்சல்’ என்று வைத்திருக்கிறோம். “ஏய், எனக்கு ஊஞ்சல்டி” என்றால் பக்கத்தில் இருப்பவள் தோளைக் கொடுப்பாள். உங்கள் நாவலில் அப்படித் தோள் கொடுக்க ஒருத்தியைக்கூடக் காணோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாயாடி


ஜூலை 2

வாயாடி மருமகளுக்கு,

முதுகு அப்படியே இருக்கிறது. பதிப்பாளரும் அப்படியே. உன் அம்மா சௌக்கியம். நீ இளைத்துவிட்டாயா என்று என்னைக் கேட்கிறாள், நான் என்னவோ தினமும் உன்னைப் பார்க்கிற மாதிரி.

உன் கடிதத்தில் நாவலைப் பற்றிய பகுதியை மூன்று முறை படித்தேன். முப்பது நாவலுக்கு மேல் எழுதியவன் நான். பஸ் நிலையங்களில் கயிற்றில் தொங்குகிறவன். ஒரு வாசகரும் இப்படிக் கிழித்ததில்லை. மர்மக் கதை என்பது வாசகனை ஓட வைப்பது. ஓடுகிறவன் வழியில் கிடக்கிற செருப்பைப் பற்றியெல்லாம் கேட்க மாட்டான். நீ கேட்கிறாய். நீ சொன்னது சரி, உங்கள் படியில் பார்த்ததுதான் அது. பார்த்ததும் மனதில் ஒட்டிக்கொண்டது. கதையில் ஒரு திகிலுக்காகப் போட்டேன், அவ்வளவுதான்.

முடிவைப் பற்றி உண்மையைச் சொல்லட்டுமா? முக்கால் புத்தகம் முடிந்த பிறகும் அந்தப் பெண்களுக்கு என்ன நோய் என்று எனக்கே தெரியாது. பதிப்பாளர் போன் போட்டு, “சார், யாரையாவது குற்றவாளியாக்கிட்டு நாளைக்குக் கொடுங்க. ஆஸ்பத்திரி, கம்பெனின்னு மட்டும் போயிடாதீங்க, கேஸ் போட்டுடுவான்” என்றார். மனசு என்று போட்டேன். மனசு கோர்ட்டுக்குப் போகாது.

இந்த ‘ஊஞ்சல்’ நன்றாக இருக்கிறது. அடுத்த நாவலுக்கு எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இன்னும் விவரமாக எழுது. இவ்வளவு பேசுகிறாயே, உங்கள் விடுதி மர்மத்துக்கு என்ன சொல்யூஷன், நீயே சொல்லு பார்ப்போம்!

உன் கையெழுத்துக்கு என்ன வந்தது? எழுத்தெல்லாம் படுத்துக் கிடக்கிறது. மேஜையில் வைத்து எழுது.

அன்புடன்
மாமா


ஜூலை 11

அன்புள்ள மாமா,

நலம். இங்கே மேஜை இல்லை. மடியில் வைத்து எழுதுகிறேன், அதுதான் காரணம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: சொல்யூஷன்தான்.

விவரமும் கேட்டீர்கள். ஜன்னல் கட்டில்காரியைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்குக் கால் விரல்கள் எப்போதும் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கின்றனவாம். படியேறும்போது செருப்பு கழன்று போகிறது, அவளுக்குத் தெரிவதில்லை. இரண்டு மாடி ஏறி, அறைக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து குனிந்தால் ஒரு கால் வெறுங்காலாக இருக்கிறது. அவள் மட்டும் இல்லை. படி பெருக்கும் அக்கா காலையில் ஒற்றைச் செருப்புகளைப் பொறுக்கிக் கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாக வைக்கிறாள். “காலாவது இருக்கா, இல்ல அதையும் எங்கயாவது கழட்டிப் போட்டுட்டு வந்தீங்களாடி?” என்று திட்டுவாள். நாங்கள் சிரிப்போம். சிரித்துக்கொண்டே அவரவர் செருப்பைத் தேடுவோம்.

இன்னொரு விஷயம். போன வாரம் ஒரே நாளில் இரண்டு பேர் விழுந்தார்கள். வார்டன் உங்கள் புத்தகத்தை யாரிடமோ வாங்கிப் படித்திருக்கிறார். சாப்பாட்டு ஹாலில் எழுந்து நின்று கடைசி அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்தார். “பாத்தீங்களா? நான் சொன்னா கேக்க மாட்டீங்க. படிச்ச மனுஷன், புக்லயே போட்டிருக்கார். ஒருத்தி விழுந்தா எல்லாரும் விழுவீங்க. நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசு.” கம்பெனி டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினார். அன்றிலிருந்து விழுகிறவளுக்கு ‘விசும்பல்’ என்று பேர். “என்ன, இன்னைக்கு எத்தனை விசும்பல்?” என்று சூப்பர்வைசர் கேட்டுவிட்டுத்தான் மிஷினைப் போடுகிறார்.

புத்தகத்தைக் கொண்டுவந்தவள் நான். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை.

மாமா, வார்டனுக்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்த முடிவு நீங்களாக இட்டுக்கட்டியது என்று. இரண்டு வரி போதும்.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் வாயாடி


ஆகஸ்ட் 20

அன்புள்ள மருமகளே,

சௌக்கியமா? பதில் தாமதமாகிவிட்டது. காரணம் கேட்டால் நீயே சந்தோஷப்படுவாய். ‘விசும்பல்’ இரண்டாம் பதிப்புக்குப் போகிறது! அட்டைப் படத்துக்கு அந்த ஒற்றைச் செருப்பையே போடலாம் என்கிறார் பதிப்பாளர்.

உங்கள் வார்டன் என் வாசகி என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன். ஆனால் நீ கேட்கிற கடிதம் கஷ்டம்மா. கதை எழுதுகிறவன் தன் கதை பொய் என்று கைப்பட எழுதிக் கொடுத்தால் நாளைக்கு எவன் வாங்குவான்? அது கதை என்று அவருக்கே தெரியாதா? விளையாட்டுக்கு வாசித்திருப்பார்.

நானும் இங்கே ஒரு டாக்டரிடம் பொதுவாகக் கேட்டேன். இந்த வயதில் ரத்தம் குறைவாக இருந்தால் கால் மரத்துப்போகுமாம். அந்தப் பெண்ணை நன்றாகச் சாப்பிடச் சொல். நீயும் சாப்பிடு, தூங்கு, கண்டதை யோசிக்காதே.

‘சொல்யூஷன் என்ன?’ என்று கேட்டால் ‘சொல்யூஷன்தான்’ என்கிறாய். கேட்டவனையே திருப்பி அடிக்கிற இந்த வாய் உனக்கு உன் அப்பாவிடமிருந்து வந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன்.

அன்புடன்
மாமா


செப்டம்பர் 1

மாமாவுக்கு,

நலம்.

சிரித்தீர்களா? நான் விளையாட்டுக்கு எழுதவில்லை. என் முதல் கடிதம் இருந்தால் எடுத்துப் படியுங்கள். உங்கள் நாவலைப் பற்றிய பகுதியை அல்ல, அதற்கு மேலே இருப்பதை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். எதைத் தடவுகிறோம், அதற்கு இங்கே என்ன பெயர் என்றும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் கதையில் சொல்யூஷன் கடைசி அத்தியாயத்தில்தான் வரும். எங்களுக்குக் காலையில் முதல் வேலையே அதன் மூடியைத் திறப்பதுதான். திறந்ததும் இனிப்பாக ஒரு வாசனை வரும். முதலில் பிடிக்கும். அப்புறம் அது சட்டையில், முடியில், தலையணையில் எல்லாம் ஏறிக்கொள்ளும். ஜன்னல் மூடியிருக்கும். மதியத்துக்கு மேல் ஊஞ்சல் ஆடும்.

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பைக் டாக்டர் தேவைப்படவில்லை. பேக்கிங்கில் ஒருத்தியும் விழுவதில்லை. தையலில் விழுவதில்லை. எல்லோரும் ஒரே சாப்பாடு, ஒரே தண்ணீர், ஒரே வார்டன், ஒரே ‘மனசு’. சொல்யூஷனில் மட்டும் விழுகிறார்கள். சூப்பர்வைசரிடம் சொன்னோம். “அப்ப எனக்கு ஏன் ஒண்ணும் ஆகல?” என்றார். அவர் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த அறைக்கு ஜன்னல் உண்டு, அது திறந்திருக்கும்.

ஜன்னல் கட்டில்காரிக்கு இப்போது சட்டைப் பொத்தான் போட வரவில்லை. மற்றவர்கள் போட்டுவிடுகிறார்கள். அவளுக்கு ரத்தம் நிறைய இருக்கிறது மாமா. கோபம் வரும்போது முகம் சிவக்கிறதே.

இரண்டாம் பதிப்புக்கு வாழ்த்துகள்.

இப்படிக்கு
உங்கள் மருமகள்


செப்டம்பர் 14

என் தங்கத்துக்கு,

உன் முதல் கடிதத்தைத் தேடி எடுத்தேன். நாவல் பற்றி வரும் இடத்துக்கு நேராகப் போயிருக்கிறேன். மேலே இருந்ததைக் கண்ணால் ஓட்டிவிட்டேன்போல.

உடனடியாகச் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறேன். இத்துடன் ஒரு பார்சல் வரும். பின்னால் வார் வைத்த செருப்பு, இரண்டு ஜோடி. ஒன்று உனக்கு, ஒன்று அந்த ஜன்னல் கட்டில் பெண்ணுக்கு. வாரை மாட்டிக்கொண்டால் கழலாது, படியில் தடுக்காது. அவள் கால் அளவு தெரியாததால் உன் அளவிலேயே வாங்கினேன்.

வேறு செக்‌ஷன் கேட்டுப் பார். பணிவாகக் கேள். உன் வாயைக் கொஞ்சம் கட்டிப்போடு.

மாமா


செப்டம்பர் 25

மாமா,

நலம். பார்சலைத் திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் இல்லை. சரி, கோபத்தில்தான்.

நீங்கள் அனுப்புவதற்கு முன்னாலேயே கம்பெனி கொடுத்துவிட்டது, இதே மாதிரி வார் வைத்தது. ஷூ வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வைக்கு வந்தார்கள். படியில் நின்று, “ஏன் இவ்வளவு செருப்பு?” என்று கேட்டார்கள். வார்டன், “பொண்ணுங்க அவசரத்துல கழட்டிப் போட்டுட்டு ஓடுதுங்க சார்” என்றார். மறுநாளே எல்லோருக்கும் வார் செருப்பு. ஊரில் இருப்பவன் காலுக்கெல்லாம் ஷூ ஒட்டுகிறோம், எங்கள் காலை இவர்கள் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது படி சுத்தமாக இருக்கிறது. படி பெருக்கும் அக்காவுக்கு வேலை குறைந்துவிட்டது. நோய் போய்விட்டது என்று வார்டன் ஆபீசில் சொல்லிவிட்டார்.

உங்களுக்குப் புரிகிறதா? வலி இல்லை மாமா. காய்ச்சல் இல்லை. கால் மரத்துப் போகிறது என்று காட்ட வேறு அடையாளமே இல்லை. செருப்பு கழன்றால்தான் தெரியும். ஒருத்தியின் செருப்பு படியில் கிடந்தால் அவளைச் சொல்யூஷன் டப்பாவை விட்டுத் தள்ளி உட்கார வைத்து, அவள் பிரஷ்ஷை நாங்கள் மாற்றி மாற்றிப் பிடிப்போம். எங்களுக்கு இருந்த ஒரே டாக்டர் அந்தச் செருப்புதான். அதற்கும் வார் போட்டுக் கட்டிவிட்டார்கள். நீங்களும் அதையே பார்சலில் அனுப்புகிறீர்கள்.

நேற்று சோல் வெட்டும் கத்தியை எடுத்து ஜன்னல் கட்டில்காரி முதலில் தன் வாரை அறுத்தாள். அப்புறம் சொல்யூஷன்காரிகள் எல்லோரும் அறுத்தோம். இன்று காலை படியில் செருப்புகள் கிடந்தன. வார்டன் கத்தினார், யாரும் பொறுக்கவில்லை. எங்கள் பள்ளிச் சான்றிதழ்கள் ஆபீஸ் பீரோவில் இருக்கின்றன. அதைக் கொடுக்காமலே வெளியே தள்ளிவிடுவேன் என்கிறார். பார்ப்போம்.

உங்கள் வாயாடி


அக்டோபர் 3

கண்ணே,

உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். எத்தனையோ கதாபாத்திரங்களைத் துப்பறிய வைத்திருக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

அறைக்கு இருப்பதே ஒரு ஜன்னல். அதை ஒட்டிய கட்டில் உன்னுடையது. ஜூன் மாதமே எழுதியிருக்கிறாய்.

அந்தப் பெண்ணை நன்றாகச் சாப்பிடச் சொல் என்று எழுதினேன். அவள் கால் அளவு தெரியாது என்று எழுதினேன். கடவுளே.

உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் கேட்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். வருகிற திங்களுக்கு அடுத்த திங்கள் வருகிறேன். பெட்டியைக் கட்டித் தயாராக வை. ஒரு சண்டையும் வேண்டாம், சான்றிதழும் போகட்டும். நீ வந்தால் போதும்.

மாமா


அக்டோபர் 9

மாமாவுக்கு,

இதை நான் சொல்லச் சொல்ல எதிர்க் கட்டில்காரி எழுதுகிறாள். அவள் பேக்கிங், கை நன்றாக இருக்கிறது. எழுத்தும் நிமிர்ந்து நிற்கும், பாருங்கள். ‘நலம்’ என்று ஆரம்பிக்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

நான் பெட்டி கட்டவில்லை. நீங்கள் வந்து என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் அன்று மதியமே வார்டன் ஹாலில் என்ன சொல்வார் தெரியுமா? “அவளுக்கு மனசு சரியில்ல. அவ மாமா, அந்த எழுத்தாளரே வந்து கூட்டிட்டுப் போயிட்டார்.” உங்கள் கடைசி அத்தியாயம் இன்னொரு தடவை அச்சாகிவிடும், செலவே இல்லாமல்.

இங்கே எனக்கு அடுத்து மூன்று பேருக்குச் சாக்ஸ் ஆரம்பித்திருக்கிறது. அதில் ஒருத்திக்குப் பதினாறுகூட முடியவில்லை. வயசு கூட்டிச் சொல்லிச் சேர்ந்திருக்கிறாள். இரவில் காலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு மாமா இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதாதே என்று சொல்லியும் இவள் எழுதிவிட்டாள்.

ஜூலையில் உங்களிடம் இரண்டு வரி கேட்டேன். அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் வர வேண்டாம்.

ஜன்னல் கட்டில்காரி

(மாமா சார், இது நான், எழுதுகிறவள். உங்க புக் பாதி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அவ கிட்ட சொல்லாதீங்க. சீக்கிரம் வாங்க.)


அக்டோபர் 14

விடுதி வார்டன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள். தங்கள் அறைக்கு ஜன்னல் இருக்கும் என்று நம்புகிறேன்.

சாப்பாட்டு ஹாலில் தாங்கள் வாசித்துக் காட்டிய நாவலை எழுதியவன் நான். அதன் கடைசி அத்தியாயம் பொய். அந்தப் பெண்களுக்கு என்ன நோய் என்று தெரியாமல், தெரிந்துகொள்ள முயலாமல், அவசரத்தில் ‘மனசு’ என்று எழுதினேன். பதிப்பாளரிடம் இரண்டாம் பதிப்பை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அவர் நிறுத்த மாட்டார். ஆகையால் இதைக் கைப்பட எழுதுகிறேன். அந்த அத்தியாயத்தை எவ்வளவு சத்தமாக வாசித்தீர்களோ அவ்வளவு சத்தமாக இதையும் வாசிக்க வேண்டும். இதன் நகலைத் தொழிலாளர் அலுவலகத்துக்கும், படியில் நின்று கேள்வி கேட்ட அந்த ஷூ கம்பெனிக்கும் அனுப்பியிருக்கிறேன்.

திங்கள்கிழமை வருகிறேன். நரம்பு டாக்டர் ஒருவர் என்னுடன் வருகிறார். அவரிடம் பைக் இல்லை, விசிலடிக்கவும் தெரியாது. சொல்யூஷன் செக்‌ஷனில் வேலை செய்யும் பெண்கள் எல்லோருடைய காலையும் அவர் பார்ப்பார். உள்ளே விடாவிட்டால் வாசலில் பெஞ்சு போட்டுப் பார்ப்பார். அதுவரைக்கும் படியில் கிடப்பதை யாரும் பொறுக்க வேண்டாம்.

அந்தப் புத்தகம் முழுக்க நான் கண்ணால் பார்த்து எழுதியது ஒன்றே ஒன்றுதான். மூன்றாம் அத்தியாயத்தில், மாடிப்படியில், ஓர் ஒற்றைச் செருப்பு கிடக்கும். நான் அதைத் தாண்டிக்கொண்டு போனேன்.

இப்படிக்கு
ஜன்னல் கட்டில்காரியின் மாமா